அண்ணனுக்கு 180 குதிரை வேணுமாம்! - ஒரு டர்போ காரும் நாலு ட்யூனும்

சாவி எங்கே? - வாராந்திரத் தொடர்

தீபாவளிக்கு மறுநாள் காலை 6 மணி. பட்சணம் செரிக்காத வயிற்றோடு போனை எடுத்தால், திருப்பூரில் இருக்கும் பெரியம்மா மகனிடமிருந்து ஒரு வாய்ஸ் நோட். ‘`பாப்பா, நாலு கொட்டேஷன் அனுப்பிருக்கேன். எதைப் போடலாம்னு பாத்துச் சொல்லு. நீதான் பத்திரிகையில இருக்கியே. அம்மாகிட்ட மட்டும் மூச்சு விட்றாத!’'

பத்திரிகையில் வேலை பார்க்கிறவர்களுக்கு எல்லாமே தெரியும் என்று எங்கள் சொந்தத்தில் ஒரு நம்பிக்கை. போன மாதம் சித்தி, தங்கம் எப்போது இறங்கும் என்று கேட்டார். மாமா, பையனுக்கு எந்த காலேஜ் என்று கேட்டார். இப்போது அண்ணன், தன் காரின் இன்ஜினுக்கு எந்த ‘ட்யூன்’ போடலாம் என்று கேட்கிறார்.

எனக்குத் தெரியாது. ஆனால், கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு சனிக்கிழமை கிடைத்தது. கோவை வரை போய் வந்தேன். டர்போ கார் வைத்திருக்கும் எல்லோருக்கும், அல்லது டர்போ கார் வைத்திருக்கும் பிள்ளையைப் பெற்றவர்களுக்கும் இது உபயோகப்படும் என்பதால் அப்படியே எழுதுகிறேன்.

காரும் கதையும்

அண்ணனிடம் இருப்பது 2023-ல் வாங்கிய ஃபோக்ஸ்வாகன் விர்ட்டூஸ் ஜிடி. 1.5 லிட்டர் டிஎஸ்ஐ டர்போ பெட்ரோல் இன்ஜின், 7 ஸ்பீடு டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். கம்பெனி சொல்லும் பவர் 150 பிஎஸ், டார்க் 250 என்எம். வெளியே பார்த்தால் அமைதியான குடும்ப செடான். ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் பின்சீட்டில் இருக்கும் பெரியம்மா, ‘`முருகா’' என்பார்.

பெரியப்பாவுக்குப் போன வருடம் பைபாஸ் ஆபரேஷன் ஆனது. அதிலிருந்து பனியன் பிரின்ட்டிங் யூனிட் முழுக்க அண்ணன் தலையில். மாதம் ஒரு முறை பெரியப்பாவைக் கோவைக்கு செக்கப்புக்குக் கூட்டிப்போவது இந்த கார்தான். வீட்டில் வேறு கார் கிடையாது. இஎம்ஐ இன்னும் இரண்டு வருடம் பாக்கி.

இந்த நிலைமையில் எதற்கு ட்யூன் என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நானும் கேட்டேன். ‘`யூனிட், பேங்க், ஆஸ்பத்திரி... எல்லாமே அடுத்தவங்களுக்குத்தான் பாப்பா. நைட்டு பதினோரு மணிக்கு வீட்டுக்கு வர்ற அந்த இருபது நிமிஷம் மட்டும்தான் எனக்கு’' என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

ட்யூன் என்றால் என்ன?

இன்றைய காரில் இன்ஜினை நடத்துவது ‘ஈசியூ’ என்ற சின்ன கம்ப்யூட்டர். எந்த வேகத்தில், எவ்வளவு ஆக்ஸிலரேட்டர் அழுத்தினால், டர்போ எவ்வளவு காற்றை உள்ளே தள்ள வேண்டும், எவ்வளவு பெட்ரோல் பீய்ச்ச வேண்டும், ஸ்பார்க் எந்த நொடியில் விழ வேண்டும் என்று அதற்குள் வரிசை வரிசையாக அட்டவணைகள் இருக்கும். இதற்குப் பெயர் ‘மேப்’. அந்த அட்டவணையை மாற்றி எழுதுவதுதான் ‘ரீமேப்’ அல்லது ட்யூன்.

டர்போ இல்லாத காரில் இதைச் செய்தால் கிடைக்கும் லாபம் சொற்பம். டர்போ காரில் கதையே வேறு. டர்போ இன்னும் கொஞ்சம் காற்றைத் தள்ளினால், இன்னும் கொஞ்சம் பெட்ரோலை எரிக்கலாம். ஒரு ஸ்பானரைக்கூடத் தொடாமல் 20 சதவிகிதம் பவர் கூடுவது இதனால்தான்.

‘அவ்வளவு சுலபம் என்றால் கம்பெனியே ஏன் செய்யவில்லை?’ நியாயமான கேள்வி. கம்பெனி ஒரே காரை ஊட்டிக் குளிரிலும் வேலூர் வெயிலிலும் ஓட்ட வேண்டும். நல்ல பெட்ரோல், சுமாரான பெட்ரோல் இரண்டையும் குடிக்க வேண்டும். புகை விதிக்குள் நிற்க வேண்டும். மைலேஜ் தர வேண்டும். வாரன்ட்டி முடியும்வரை கியர்பாக்ஸ் தாங்க வேண்டும். இத்தனைக்கும் சேர்த்துக் கொஞ்சம் கையிருப்பை மிச்சம் வைத்துத்தான் எழுதுகிறார்கள். ட்யூனர் விற்பது அந்தக் கையிருப்பைத்தான்.

கொட்டேஷன் 1: பெடல் பாக்ஸ்

நாலில் விலை குறைந்தது இது. ஆக்ஸிலரேட்டர் பெடலுக்கும் ஈசியூவுக்கும் நடுவில் மாட்டும் சின்ன டப்பா. நீங்கள் கால்வாசி அழுத்தினால், ‘பாதி அழுத்தியாச்சு’ என்று ஈசியூவிடம் சொல்லும். கார் துள்ளும். ‘அடேங்கப்பா’ என்று தோன்றும்.

ஆனால், ஒரு குதிரைகூட ஏறுவதில்லை. பெடலை முழுக்க அழுத்தினால் டப்பா இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே வேகம்தான். அண்ணன் காரில் கியர் லீவரை ‘எஸ்’ மோடுக்கு இழுத்தாலே கிட்டத்தட்ட இந்தத் துள்ளல் இலவசமாகக் கிடைக்கும். இதை முதலில் அடித்துவிட்டோம்.

கொட்டேஷன் 2: ட்யூனிங் பாக்ஸ்

இதுவும் டப்பாதான், ஆனால் நிஜமாகவே பவர் ஏற்றும். டர்போவின் காற்றழுத்தத்தை அளக்கும் சென்ஸாரின் ஒயரில் இதை மாட்டுவார்கள். சென்ஸார் சொல்லும் அழுத்தத்தைக் குறைத்து ஈசியூவுக்குச் சொல்லும். ‘அழுத்தம் பத்தலையே’ என்று ஈசியூ இன்னும் காற்றை ஏற்றும். சுருக்கமாக, பொய் சொல்லி வேலை வாங்குவது.

நன்மை: ஈசியூவின் உள்ளே யாரும் கை வைப்பதில்லை. சர்வீஸுக்குப் போகுமுன் கழற்றிவிடலாம். குறை: காற்றை மட்டும்தான் இது ஏமாற்றுகிறது. ஸ்பார்க் விழும் நேரத்தையும் பெட்ரோல் அளவையும் அதற்கேற்ப யோசித்து மாற்றுவதில்லை. அதை ஈசியூ தன் கையிருப்புக்குள் சமாளித்துக்கொள்ளும் என்று நம்ப வேண்டியதுதான். தவிர, கழற்றினால் தடமே இருக்காது என்பதும் முழு உண்மையில்லை. உச்சபட்ச டார்க், வெப்பம் போன்ற சில பதிவுகள் காரிலேயே தங்கலாம்.

கொட்டேஷன் 3: ரெடிமேட் ஸ்டேஜ் 1

பெரிய ட்யூனிங் கம்பெனிகள், ஒரு மாடல் காரில் பலமுறை சோதித்து எழுதிய ஃபைல் இது. ரெடிமேட் சட்டை மாதிரி. உங்கள் காரின் ஈசியூவில் ஏற்றிவிடுவார்கள். ஏர் ஃபில்டர், சைலன்ஸர் எதையும் மாற்றத் தேவையில்லை என்றால் அது ‘ஸ்டேஜ் 1’. டவுன்பைப், இன்டர்கூலர் என்று பாகங்களையும் மாற்றச் சொன்னால் ‘ஸ்டேஜ் 2’. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றும் ஸ்டேஜ் 2 பற்றி இங்கே பேசப்போவதில்லை. புகைச் சான்றிதழும் போய், அடுத்தவர் நுரையீரலும் போகும் விவகாரம் அது.

1.5 டிஎஸ்ஐ இன்ஜினுக்கு ஸ்டேஜ் 1-ல் பொதுவாகச் சொல்லப்படுவது 180 பிஎஸ்-ஐ ஒட்டிய பவர், 300 என்எம்-ஐ ஒட்டிய டார்க். பலரும் ஓட்டிப் பார்த்த ஃபைல் என்பது இதன் பலம். பலவீனம், அது எந்தப் பெட்ரோலுக்கு எழுதப்பட்டது என்பது. ஜெர்மனியில் 98 ஆக்டேன் பெட்ரோல் சாதாரணமாகக் கிடைக்கும். அதை நம்பி எழுதிய ஃபைலைத் திருப்பூர் பம்ப்பில் கிடைப்பதோடு ஓட்டினால், சிலிண்டருக்குள் பெட்ரோல் நேரம் கெட்டு வெடிக்கும். இதுதான் ‘நாக்கிங்’. ஈசியூ அதைக் கேட்டுவிட்டு ஸ்பார்க்கைத் தள்ளிப்போடும். காசு கொடுத்து வாங்கிய பவர் அங்கேயே கரைந்துவிடும்.

இப்போது பெட்ரோலில் எத்தனால் வேறு. எத்தனால் ஆக்டேனை ஏற்றும். அதே நேரம், லிட்டருக்குள் இருக்கும் எரிசக்தி பெட்ரோலைவிடக் குறைவு என்பதால் கூடுதலாகப் பீய்ச்ச வேண்டும். ஆக, ‘இந்த ஃபைல் நம்ம ஊர் பெட்ரோலுக்கு எழுதினதா?’ என்பதுதான் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

கொட்டேஷன் 4: டைனோவில் தைக்கும் கஸ்டம் ட்யூன்

இது டெய்லர் கடை. காரை உருளைகள் மேல் ஏற்றிக் கட்டி, ஓட்டி, சக்கரத்தில் வரும் பவரை அளப்பார்கள். அந்த மெஷினுக்குத்தான் ‘டைனோ’ என்று பெயர். லேப்டாப்பில் பதிவுகளைப் பார்த்து, கொஞ்சம் மாற்றி, மறுபடி ஓட்டி, மறுபடி மாற்றி... உங்கள் கார், உங்கள் பெட்ரோல், உங்கள் ஊர் வெயிலுக்கு அளவெடுத்துத் தைப்பது. கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்கான ட்யூனும் சேர்த்து, நாலில் அதிக விலை இதுதான்.

எல்லாம் தையல்காரர் கையைப் பொறுத்தது. நல்ல கை என்றால் ரெடிமேடைவிடப் பாதுகாப்பு. அரைகுறைக் கை என்றால் நாலிலும் ஆபத்தானது இதுவே.

250 என்ற நம்பர்

இங்கேதான் கதை சுவாரஸ்யமாகிறது. சனிக்கிழமை காலை அண்ணன், நான், கூடவே பெரியப்பா. ‘`நானும் வர்றேன், வீட்லயே உக்காந்து என்ன பண்றது?’' என்று முன்சீட்டில் ஏறிக்கொண்டார். அவருக்கு விஷயம் எப்படித் தெரிந்தது என்று அண்ணன் என்னை முறைத்தார். சத்தியமாக நான் சொல்லவில்லை.

கோவையில் அந்த ட்யூனிங் கடைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். காரைச் சுற்றி வந்தவர் முதலில் கேட்டது, ‘`மேனுவலா, டிஎஸ்ஜியாங்க?’'

‘`டிஎஸ்ஜி.’'

‘`அப்ப கொஞ்சம் பேசணும்ங்க’' என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

இந்த காரில் இருக்கும் 7 ஸ்பீடு டிஎஸ்ஜி, ‘டிகியூ200’ என்ற வகை. உள்ளே இரண்டு கிளட்ச்கள். ஆயிலில் மூழ்காத டிரை கிளட்ச் என்பதால் எடை குறைவு, மைலேஜ் நன்றாக வரும். ஆனால், வெப்பத்தை ஆயில் இழுத்துக்கொண்டு போகாது. இந்தக் கியர்பாக்ஸ் தாங்குவதற்கென்று வடிவமைக்கப்பட்ட டார்க் 250 என்எம். இன்ஜின் தரும் டார்க்கும் 250 என்எம். அதாவது, ஷோரூமிலிருந்து வெளியே வரும்போதே டம்ளர் விளிம்பு வரை நிரம்பியிருக்கிறது.

அதில் 300 ஊற்றினால்? அன்றைக்கே உடைந்துவிடாது. எந்தப் பாகத்துக்கும் கொஞ்சம் கூடுதல் தாங்கும் சக்தி உண்டு. ஆனால், சிக்னலில் ஊர்ந்து, மேட்டில் நின்று, ஓவர்டேக்கில் அழுத்தி என்று ஒவ்வொரு முறையும் கிளட்ச் கொஞ்சம் கூடுதலாகத் தேயும், கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும். மேனுவல் காரிலும் கிளட்ச் வழுக்க வாய்ப்பு உண்டு. அங்கே அதிகபட்சம் கிளட்ச்சை மாற்றிவிட்டுப் போகலாம். டிஎஸ்ஜியில் பில்லைப் பார்த்தால் தலை சுற்றும்.

அண்ணனின் நண்பர் ஒருவருக்கு நடந்தது இது. அவருடையது வேறு டர்போ ஆட்டோமேட்டிக் கார். ட்யூன் போட்டு எட்டாவது மாதம் கியர் வழுக்க ஆரம்பித்தது. ட்யூன் போட்ட கடை, ‘சர்வீஸ் சரியில்லை’ என்றது. சர்வீஸ் சென்டர், ‘ட்யூன்தான் காரணம்’ என்றது. நடுவில் நின்றவர் லட்சத்தைத் தாண்டிய பில்லைக் கட்டினார். இன்றுவரை வீட்டில், ‘ஏ.சி ரிப்பேர்’ என்றுதான் சொல்லி வைத்திருக்கிறார்.

ஒரு கணக்கு, ஒரு ரகசியம்

அண்ணன் முகம் சுண்டிவிட்டது. கடைக்காரர் ஒரு பேப்பரை எடுத்தார். ‘`பவர் வேற, டார்க் வேறங்க. டார்க்கை ஆர்பிஎம்மால பெருக்கி, 7023-ஆல வகுத்தா பிஎஸ் வரும். போட்டுப் பாருங்க.’'

போட்டுப் பார்த்தேன். இந்த இன்ஜின் 250 என்எம் டார்க்கை 1,600-லிருந்து 3,500 ஆர்பிஎம் வரை தருகிறது. அதற்கு மேல் டார்க் இறங்கிவிடும். 5,000 ஆர்பிஎம்மில் 150 பிஎஸ் என்றால், அங்கே டார்க் சுமார் 210 என்எம்தான். அந்த இடத்திலும் 250-ஐ இறங்கவிடாமல் பிடித்தால்? 250-ஐ 5,000-ஆல் பெருக்கி 7023-ஆல் வகுத்தால் 178.

அட, கியர்பாக்ஸின் 250 வரம்பைத் தாண்டாமலேயே 180-ஐத் தொட்டுவிடலாம்!

இதுதான் ட்யூன்களை ஒப்பிடும்போது பலரும் கவனிக்காத இடம். ‘180 பிஎஸ் / 300 என்எம்’ என்று விளம்பரத்தில் இருக்கும் ட்யூனும், ‘180 பிஎஸ் / 250 என்எம்’ என்று வரம்பு வைத்து எழுதிய ட்யூனும் ஒன்றல்ல. முதலாவது நடு ஆர்பிஎம்மில் முதுகில் குத்தும். இரண்டாவது மேல் ஆர்பிஎம்மில் மூச்சு வாங்காமல் ஓடும். குறைந்த ஆர்பிஎம்மில், உயர்ந்த கியரில் டார்க்கை வாரிக் கொட்டுவது சின்ன டர்போ இன்ஜினுக்கும் நல்லதில்லை. ஸ்பார்க் விழுமுன்பே பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்ளும் அபாயம் அங்கேதான் அதிகம். அது பிஸ்டனையே உடைக்கும்.

‘`அப்ப இதையே போட்ரலாமே?’' என்றார் அண்ணன்.

‘`போடலாம்ங்க. ஆனா, நீங்க எதிர்பாக்கற அந்தக் கிக் இருக்காது. அது டார்க்ல வர்றது. வீட்டுக்குப் போற வழியில 5,000 ஆர்பிஎம்ல எத்தனை வாட்டி ஓட்டுவீங்க?’'

அண்ணன் பதில் சொல்லவில்லை.

உருளை மேல் கார்

எந்த ட்யூனாக இருந்தாலும் முதலில் கார் இப்போது எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றார். ஏற்றிக் கட்டினார்கள். பெரிய மின்விசிறியை முன்னால் வைத்தார்கள். அந்தச் சத்தத்தில் பெரியப்பா காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

கம்ப்யூட்டர் திரையில் 120 சொச்சம் வந்தது. ‘`150 எங்கே?’' என்று பதறினேன். கம்பெனி சொல்வது இன்ஜினின் பவர். கியர்பாக்ஸ், ஆக்ஸில் எல்லாம் தாண்டிச் சக்கரத்துக்கு வரும்போது 10-15 சதவிகிதம் குறைவது வழக்கம். அதைக் கழித்தாலும் இந்த கார் கொஞ்சம் குறைவாகவே காட்டியது. பதிவுகளைப் பார்த்தவர், இரண்டு சிலிண்டரில் ஈசியூ ஸ்பார்க்கைத் தள்ளிப்போட்டபடியே இருப்பதைக் காட்டினார்.

58,000 கி.மீ ஓடிய கார். ஸ்பார்க் பிளக் இன்னும் மாற்றவில்லை. ஏர் ஃபில்டரைத் தட்டினால் பனியன் கம்பெனிப் பஞ்சு கொட்டியது. டயர் கட்டை தேய்ந்திருந்தது. ஆபரேஷன், ஆஸ்பத்திரி என்று ஓடிய வருடத்தில் ஒரு சர்வீஸே தவறிப்போயிருந்தது.

‘`உங்களுக்கு வேணும்கிற பவர்ல பாதி இங்கியே தொலைஞ்சு கெடக்குதுங்க. மொதல்ல இதைப் பாருங்க. இந்தக் காருக்கு நான் இன்னைக்கு எதுவும் போட மாட்டேன்’' என்றார். வந்த வியாபாரத்தைத் திருப்பி அனுப்பும் கடைக்காரரை அன்றுதான் நேரில் பார்த்தேன்.

டைனோ ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி?

கொட்டேஷனோடு வரும் கிராஃபைப் பார்த்து மயங்குமுன், அவர் சொன்னதில் நான் குறித்துக்கொண்டவை:

* இன்ஜின் பவரா, சக்கரத்தின் பவரா? ஒன்றை ‘முன்’ என்றும் இன்னொன்றை ‘பின்’ என்றும் போட்டால் எந்த ட்யூனும் அற்புதம்தான்.

* பிஎஸ்ஸா, பிஹெச்பியா? 150 பிஎஸ் என்பது 148 பிஹெச்பி, 110 கிலோவாட். மூன்றும் ஒன்றே.

* முன்னும் பின்னும் ஒரே டைனோவில், ஒரே நாளில், ஒரே பெட்ரோலில் அளந்ததா? வெவ்வேறு மெஷின்களின் எண்களை ஒப்பிடவே கூடாது.

* உச்சியைப் பார்க்காதீர்கள், கோடு முழுவதையும் பாருங்கள். ஒரு புள்ளியில் மட்டும் மலை மாதிரி எகிறும் கோட்டைவிட, நீளமாகப் படுத்திருக்கும் கோடுதான் ரோட்டில் வேகம் தரும்.

* மூன்று, நான்கு முறை தொடர்ந்து ஓட்டிய பிறகு எவ்வளவு? முதல் ஓட்டத்தில் எல்லா காரும் ஹீரோ. காற்று சூடானபின் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதுதான் மே மாதத் தமிழ்நாட்டுக்குப் பொருந்தும்.

வாரன்ட்டி, ஆர்.சி, இன்ஷூரன்ஸ்

அண்ணன் கார் 4 வருடம் அல்லது 1 லட்சம் கி.மீ வாரன்ட்டியோடு வந்தது. 2027 வரை அது உயிரோடு இருக்கிறது. ஈசியூவில் எத்தனை முறை புதிதாக எழுதப்பட்டது என்று எண்ணிவைக்கும் கணக்கு பல கார்களில் உண்டு. பழைய ஃபைலைத் திரும்ப ஏற்றினாலும் அந்த எண்ணிக்கை காட்டிக்கொடுத்துவிடலாம். இன்ஜினோ கியர்பாக்ஸோ கெட்டால், ‘நாங்கள் பொறுப்பில்லை’ என்று சொல்ல அது போதும்.

சட்டமும் சும்மா இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து ஆர்.சி மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒன்றில் இதை உறுதி செய்தது. அதே வருடம் வந்த திருத்தத்தில், விதியை மீறி மாற்றும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று தண்டனை சேர்க்கப்பட்டது. ‘ட்யூன் கண்ணுக்குத் தெரியாதே’ என்பார்கள். இப்போதைய ஆர்.சி கார்டில் சிசிக்குப் பக்கத்தில் குதிரைத்திறனும் அச்சாகியிருக்கிறது. எடுத்துப் பாருங்கள்.

இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் மாற்றத்தைச் சொல்லவில்லை என்றால், பெரிய விபத்துக்குப் பிறகு க்ளெய்மில் சிக்கல் வரலாம். நமக்கு அடிபட்டால் நம் பாடு. எதிரே வந்தவருக்கு என்றால்?

வெளிநாட்டில் இதற்கு ஒரு நேர்வழி இருந்தது, இருக்கிறது. ஃபோர்டு ஃபியஸ்டா எஸ்டி காருக்கு மவுன்ட்யூன் நிறுவனம் தந்த 215 பிஎஸ் கிட், ஃபோர்டு வாரன்ட்டியோடு வந்தது. வோல்வோ கார்களுக்குப் போல்ஸ்டார் ட்யூனை வோல்வோ டீலரே ஏற்றித் தந்தார். நம் ஊரில் அப்படி ஒரு வசதி பரவலாக வந்தால், அண்ணன் மாதிரி ஆட்கள் பெரியம்மாவுக்குத் தெரியாமல் கொட்டேஷன் வாங்க வேண்டியிருக்காது.

பெரியப்பா கேட்டது

திரும்பும் வழியில் நீலம்பூர் தாண்டும்வரை யாரும் பேசவில்லை. பிறகு பெரியப்பா ஆரம்பித்தார். ‘`ஏன் சாமி, இப்பப் போற வேகம் பத்தலையா?’'

‘`அப்படியில்லீங்ப்பா...’'

‘`பத்தலைன்னா பத்தலைன்னு சொல்லு. நானும் உன் வயசுல யெஸ்டி பைக்குக்கு கார்புரேட்டர மாத்தினவன்தான். உங்க தாத்தா கிட்ட வாங்கின அடி இன்னும் ஞாபகம் இருக்குது.’' சிரித்துவிட்டு, கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தார். ‘`அன்னிக்கு ராத்திரி நெஞ்சு வலிச்சப்ப, இந்த வண்டி அவிநாசி ரோட்டுல நின்னுருந்தா நான் இன்னிக்கு இங்க இல்ல. அதை மட்டும் நெனச்சுக்க. மத்தது உன் இஷ்டம்.’'

அண்ணன் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு 80-லேயே போனார்.

முடிவு என்ன?

நாலு கொட்டேஷனில் எது என்று கேட்டால், என் பதில் இது. பெடல் பாக்ஸ் வேண்டாம். ட்யூனிங் பாக்ஸ், அரைமனசுக் கல்யாணம். மேனுவல் கியர்பாக்ஸும் வாரன்ட்டி முடிந்த காரும் என்றால், நம் ஊர் பெட்ரோலுக்குச் சோதித்த ரெடிமேட் ஸ்டேஜ் 1 ஒரு நியாயமான தேர்வு. கிளட்ச் செலவுக்குத் தயாராக இருங்கள். டிகியூ200 டிஎஸ்ஜி என்றால், 250 என்எம் வரம்பு வைத்து எழுதும் கஸ்டம் ட்யூன் மட்டும்தான் யோசிக்கத் தகுந்தது. அதுவும் வாரன்ட்டி முடிந்த பிறகு, சட்டமும் இன்ஷூரன்ஸும் என்ன சொல்கின்றன என்று தெரிந்துகொண்டு.

அண்ணன் 2027 வரை தள்ளிப்போட்டுவிட்டார். ட்யூனுக்கு ஒதுக்கிய பணத்தில் ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், நாலு நல்ல டயர். விர்ட்டூஸில் பின்சக்கரத்துக்கு டிரம் பிரேக்தான் என்பதால், முன் பிரேக் பேடையும் பிரேக் ஆயிலையும் சேர்த்து மாற்றச் சொன்னேன். ‘`அதெல்லாம் அப்புறம்’' என்றார்.

மிச்சப் பணத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் டிராக் டே. கோவையின் கரிவரதன் பெயரில் 2003-ல் திறந்த 2.1 கி.மீ டிராக். சொந்த காரை எந்த மாற்றமும் இல்லாமல் எடுத்துப்போய் ஓட்டலாம். கார் இன்ஷூரன்ஸ் அங்கே செல்லாது என்பதைத் தெரிந்துகொண்டே போனார். எதிரே பஸ் வராது, குறுக்கே நாய் வராது. 5,000 ஆர்பிஎம்மை அண்ணன் அன்றுதான் மனசாரப் பார்த்தார். பெரியப்பா கேலரியில் தொப்பி போட்டு உட்கார்ந்திருந்தார். பெரியம்மாவுக்குக் கடைசியில் எல்லாமே தெரிந்து, டப்பாவில் புளிசாதம் கட்டிக் கொடுத்திருந்தார்.

சாயங்காலம் ஒரு வாய்ஸ் நோட். ‘`பாப்பா, நாலு ரவுண்டுலயே பிரேக் வாசம் வந்துருச்சு. நீ சொன்னது சரிதான். பிரேக் பேடுக்கு நாலு கொட்டேஷன் அனுப்பிருக்கேன். எதைப் போடலாம்னு பாத்துச் சொல்லு.’'

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கொட்டேஷன் ஓடிக்கொண்டிருக்கிறதா? கமென்ட்டில் சொல்லுங்கள். பெரியம்மாக்களிடம் சொல்ல மாட்டேன்.

அடுத்த வாரம்: பிரேக் பேடு வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை.